கசப்புத் தண்ணி

பாட்டில்காரரை முதலில் அடித்தவர் மேட்டுத் தோட்டத்துக்காரர். நல்ல வெயில் நேரம். காய் பறிக்க வந்த பெண்கள் கூடையும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நிற்க, தட்டைப்பயறுச் செடிகளுக்கு நடுவே செருப்பைக் கழற்றி அடித்தார். நான் வரப்பில் உட்கார்ந்து அவருடைய தெளிப்பானுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். மருந்தடிக்கிற பம்புகளை ரிப்பேர் செய்வது என் பிழைப்பு. என் கடை, பூச்சிக்கு அடிக்கிற வேப்பங்கொட்டைத் தண்ணியைப் பாட்டிலில் அடைத்து விற்கிற பாட்டில்காரர் வீட்டுக்கு எதிரே.

"உன் பொண்டாட்டி சந்தையில நாக்குல வெச்சுக் காட்டுறா. கசக்குதா புளிக்குதான்னு நான் கேட்டனா? பேன் செத்துச்சா, அதைச் சொல்லு!"

"முதலாளி, இது உடனே கொல்லாது. அதுங்களுக்குத் தின்னப் பிடிக்காம போயி, குஞ்சு பொரிக்காம, கொஞ்சம் கொஞ்சமா..."

"கொஞ்சம் கொஞ்சமாவா? அதுக்குள்ள என் காயெல்லாம் போயிரும்டா!"

பிடரியைப் பிடித்து அவர் முகத்தைச் செடிக்குள் அழுத்தினார். அந்த வருஷம் அசுவினிப் பேன் அப்படி விழுந்திருந்தது. பிஞ்செல்லாம் மை பூசினதுபோல் கறுப்பாக அப்பிக்கொண்டு, இலை பிசுபிசுவென்று ஒட்ட, தண்டு நெடுக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. முகத்தை விட்டபோது பாட்டில்காரரின் மூக்கும் கன்னமும் நசுங்கிய பேன்களால் கருத்திருந்தன. தோட்டத்துக்காரர் மிச்சமிருந்த ஒரு பாட்டிலைத் திறந்து அவர் தலையில் கவிழ்த்தார்.

"உன் கசப்புத் தண்ணியில நீயே குளி."

பறிப்புப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "விடுங்க முதலாளி, வாயில ரத்தம் வருது பாருங்க" என்றாள். நான் எழுந்து போய் இடையில் நின்றேன். பாட்டில்காரர் யாரையும் பார்க்காமல் உடைந்த செடி ஒன்றை நிமிர்த்தி வைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அவருடைய மனைவியை எங்கள் தெருவில் கசப்பக்கா என்பார்கள். என்னைவிட இளையவள், ஆனாலும் சில நேரம் என் வாயிலும் அதே பெயர் வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் நான்கு சுவருக்குள் ஒரு முற்றம். அதில்தான் அவளுடைய வேலையெல்லாம். காய்ந்த வேப்பங்கொட்டையைத் தோல் நீக்கி, உரலில் இட்டு மாவாகாமல் கரகரப்பாக இடித்து, துணியில் முடிந்து பீப்பாய்த் தண்ணீரில் ஊறப்போடுவாள். ஊறியபின் பிழிந்து, பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டுவாள். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும், அப்புறம் வயல்காரர்கள் என் கடையில் வந்து சண்டை போடுவார்கள். அவள் தண்ணீரால் ஒரு பம்பும் என்னிடம் வந்ததில்லை. "உனக்குத் தொழில் சுத்தம், எனக்குத்தான் தொழில் போச்சு தங்கச்சி" என்பேன். "அப்ப நாளைக்குக் கொஞ்சம் மண்ணள்ளிப் போடறேண்ணே" என்பாள்.

அவள் உள்ளங்கை இரண்டும் பழுப்பேறி வெடித்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கசப்புப் போகாது. அதனால் அந்த வீட்டில் சமைப்பது பாட்டில்காரர்தான். அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூட விருந்தாளி முகம் சுளிப்பான்.

அன்றைக்கு அவர் குனிந்த தலையோடு வந்து நின்றார், பின்னாலேயே நானும் வந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் தம்பி உள்ளே வந்தான். பருப்பு மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மூட்டை இழுக்கிற கொக்கியை எந்நேரமும் தோளில் மாட்டிக்கொண்டே திரிவதால் அவனுக்குப் பெயரே கொக்கி. ஒண்டிக்கட்டை, சாப்பாடு அக்கா வீட்டில்.

"யாரு மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ளே. வண்டி சறுக்கிருச்சு."

"வண்டி சறுக்கினா கன்னத்துல செருப்புத் தடம் விழுமா?" கொக்கி என்னைப் பார்த்தான். "நீ சொல்லுண்ணே."

நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே கொக்கியைக் கையில் எடுத்தான்.

"எங்கே கெளம்பறே? உக்காரு" என்றாள் அக்கா.

"உக்காரவா? பொண்டாட்டி இடிச்சுக் குடுக்கிறதைத் தூக்கிட்டுப்போயி வித்துட்டு, அடி வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. திருப்பி ஒரு அடி, ஒரே அடி, அடிச்சிருந்தாருன்னா நான் இப்ப சோத்தைத் தின்னுட்டுப் பேசாம படுத்திருப்பேன்."

"அவரு அடிக்கிற ஆளா?"

"பின்ன எதுக்குத்தான் ஆளு? சோறாக்கவா?"

அந்தச் சொல் பாட்டில்காரரின் முகத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். செருப்படி விழுந்தபோதுகூட முகம் அப்படி ஆகவில்லை. அவர் அடுப்படிக்குப் போய் மச்சானுக்குத் தட்டு வைத்தார். கொக்கி தட்டைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனான். அவன் மேட்டுத் தோட்டத்துக்குப் போய்ச் சண்டையிழுத்து, அங்கிருந்த நான்கு பேர் சேர்ந்து அடித்ததில் நெற்றி கிழிந்து திரும்பினான். கிழிந்த நெற்றியோடு அவன் சந்தோஷமாக இருந்ததுதான் ஆச்சரியம். "ரெண்டு பேரைப் படுக்கப்போட்டேன்" என்றான். மறுநாள் மண்டியில் வழக்கம்போல் மூட்டை தூக்கினான்.

அதன்பிறகு பாட்டில்காரர் புதிதாக ஓர் அடுப்பு போட்டார். அக்கா வடிகட்டிக் கொடுப்பதை இனித் தானே காய்ச்சி வீரியம் ஏற்றப்போவதாகச் சொன்னார்.

"காய்ச்சினா வேகமெல்லாம் போயிருமேங்க."

"வேற ஒரு இலை சேக்கிறேன். பக்குவம் எனக்குத் தெரியும். நீ இடிக்கிறதை இடி, போதும்."

"என்ன இலை?"

"எல்லாம் மண்ணுல மொளைக்கிறதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளிடம் மறைத்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. கொதிக்கிற வாசனை தெருவில் எங்களுக்கெல்லாம் தொண்டையைக் கமறியது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. வருஷக்கணக்காக வேப்பங்கொட்டை இடித்து இடித்து அவள் மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது.

புதுத் தண்ணீர் அடித்த வயலில் அசுவினி கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. வாய்ச்சொல்லாகவே செய்தி பரவிற்று. மேட்டுத் தோட்டத்துக்காரர் தாமே வண்டியெடுத்து வந்து, செருப்பால் அடித்த அதே தோளில் கைபோட்டு, "இத்தனை நாளா இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். பாட்டில்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கு மச்சானுக்குச் சோறு போடும்போது கரண்டி தட்டில் பலமாகவே இடித்தது.

சந்தைக்கு எடுத்துப்போகும் பெட்டியில் ஒரு பாட்டிலுக்கு மட்டும் சிவப்பு மூடி போட்டுக் கொடுத்தார். "இதுதான் உனக்கு. நாக்குல வைக்கிறதை இதுலருந்து வெய்யி. மத்ததெல்லாம் இறுக்கி மூடினது, தொறந்தா கெட்டுப்போயிரும்." அவளும் சரி என்றாள்.

மண்டி வாசலில் சந்தை கூடும் நாளில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் வியாபாரம் பார்க்கக் கூட்டம் கூடும். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கி, கண்ணை இடுக்கி, வாயைக் கோணி, தலையை உதறுவாள். "என் மூஞ்சியைப் பாத்து வாங்குங்க! மனுசிக்கு இவ்ளோ கசந்தா பூச்சிக்கு எவ்ளோ கசக்கும்! காலையில அடிங்க, சாயங்காலம் பறிங்க, கழுவிச் சமைங்க. புள்ளைங்க எடுத்துக் குடிச்சாலும் மூஞ்சிதான் கோணும், உசிரு கோணாது!"

அன்றைக்குக் கூட்டத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் ஆள் நின்றிருந்தார். உளுந்து போட்டிருக்கிறவர். பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"நீ நக்கினது சிவப்பு மூடி. எனக்குக் குடுத்தது வெள்ளை மூடி. இது என்ன கண்கட்டு வித்தையா?"

சிரிப்பு எழுந்தது.

"ரெண்டும் ஒரே பீப்பாய்ங்க."

"அப்ப என் கையில இருக்கிறதைக் குடிச்சுக் காட்டு. முன்னாடி ஒருத்தன் இப்படித்தான் ஏமாத்தினான், என் மாடு செத்துப்போச்சு."

"நான் ஏமாத்துறவளா?" அவள் எழுந்து நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "குடுங்க இங்க." அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி எறிந்து, மடக்கென்று ஒரு வாய் விழுங்கினாள். "போதுமா?"

கூட்டம் கைதட்டியது. கண்ணாடிக்காரர் சங்கடமாகச் சிரித்தார். அவள் உட்கார்ந்தாள். நான் ஒரு பம்புக்கு உறை மாட்டி முடிப்பதற்குள், "அண்ணே, தலை சுத்துது" என்றாள். திரும்பினால் முகம் வெளுத்து வேர்வை அருவியாய் ஓடியது. வாயோரம் எச்சில் கொட்டியது. குமட்டிக்கொண்டு பெட்டிமேல் விழுந்தாள். பாட்டில்கள் உருண்டு உடைந்தன. கைகள் தன்பாட்டுக்கு வெட்டி இழுத்தன.

"கொக்கி! டேய் கொக்கி!"

அவன் முதுகில் மூட்டையோடு படியேறிக்கொண்டிருந்தான். மூட்டையை அப்படியே உதறினான். அது வெடித்துப் பருப்பு படியெல்லாம் சிதறியது. கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, அக்காவைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியில் நின்ற ஒரு தள்ளுவண்டியை உதைத்துக் கவிழ்த்ததுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

டாக்டரம்மா கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன குடிச்சாங்க?"

"வேப்பங்கொட்டைத் தண்ணிங்க" என்றேன்.

"அந்தத் தண்ணி ஒரு வாய் குடிச்சா இப்படி இழுக்காது. இதுல வேற விஷம் இருக்கு. பூச்சிமருந்தா? எந்த மருந்து? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வைத்தியம். காய்ச்சினவர் யாரு? உடனே கேட்டுட்டு வாங்க!"

கொக்கி வெளியே பாய்ந்தான். அவன் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. சேதி கேட்டுப் பாட்டில்காரரே வண்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

"என்னடா கலந்தே?"

அதைக் கேட்டவன் பதிலுக்குக் காத்திருந்தாலே போதுமாயிருந்தது. காத்திருக்கவில்லை. கேள்வி முடிவதற்குள் கை விழுந்தது. பாட்டில்காரர் மல்லாந்தார். இரும்புக் கொக்கியை அவர் சட்டைக் காலரில் மாட்டி, மண்டியில் மூட்டையை இழுப்பதுபோல் ஆஸ்பத்திரி முற்றம் நெடுக இழுத்தான். அவர் வாயைத் திறந்து எதையோ சொல்ல வந்தார். கொக்கியின் மரப்பிடி தாடையில் இறங்கியது. பச்சை மட்டையை முறித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"எங்கக்காவைக் கொல்லப் பாத்தியா? சொல்லுடா! சொல்லு!"

"சொல்ல விடுடா!" என்று நான் அவன் இடுப்பைக் கட்டினேன். புறங்கையால் ஒன்று வைத்தான். என் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக்கரித்தது. கீழே விழுந்த நான் பார்த்தது பாட்டில்காரரின் முகத்தை. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. "பு... பு..." என்று ரத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. கொக்கிக்கு அது கெஞ்சலாகக் கேட்டிருக்க வேண்டும், விலாவில் மிதித்தான்.

அந்த மிதியில் உருண்டவர் எழுந்து ஓடப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற காவலாளியை நோக்கித் தவழ்ந்தார். காவலாளி பயந்து பின்வாங்கினான். அவர் அவன் காலைப் பிடித்து ஏறி, சட்டைப்பையைக் கிழித்து, சிகரெட் பெட்டியைப் பிடுங்கினார். ஒன்றை எடுத்துக் காகிதத்தை நகத்தால் பிய்த்து, உள்ளே இருந்த தூளை ரத்தம் வழிகிற உள்ளங்கையில் கொட்டி என் பக்கம் நீட்டினார்.

"புகையிலையா?"

தலையாட்டினார்.

"புகையிலையைக் காய்ச்சி ஊத்தினீங்களா?"

அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கொக்கி ஓங்கிய காலோடு நின்றுவிட்டான். நான் உள்ளே ஓடினேன்.

அன்றைக்கு மாலைவரை அவளை நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இழுப்பு வரும்போது கட்டில் தரையில் தடதடவென்று ஆடும். மூச்சுத் திணறியபோது டாக்டரம்மா பையை அழுத்தி அழுத்திக் காற்றுக் கொடுத்தார். பிழைத்துவிடுவாள் என்று அவர் சொன்னபோது, கொக்கியைப் போலீஸ்காரர்கள் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாட்டில்காரரின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கிப் பக்கத்து வார்டில் படுக்கவைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் கண்ணைத் திறந்து கேட்டது அவரைப் பற்றியும் இல்லை, தம்பியைப் பற்றியும் இல்லை.

"என்ன இலைண்ணே அது?"

சொன்னேன். புகையிலைக் கிடங்கில் கழித்துப் போடுகிற காம்பையும் தூளையும் அவர் வாங்கி வந்து காய்ச்சியதை, கிடங்குக்காரர் காவல் நிலையத்தில் சொன்னதை வைத்து, தெரிந்தவரை எல்லாம் சொன்னேன். கொக்கி அடித்ததையும் சொன்னேன். 

"அதுவும் இலைதானேன்னு நெனச்சிருப்பாரு."

"அடி வாங்கினது தாங்கலை தங்கச்சி."

"அதான் எனக்குத் தனி மூடி போட்டாராக்கும்." சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணே, காலையில அடிச்சு சாயங்காலம் பறிக்கலாம்னு சொல்லி வித்தேனே! புள்ளைங்க குடிச்சாலும்னு சொன்னேனே!"

கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கினாள். டாக்டரம்மா கத்தினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டுமே என்று நான் வண்டியை எடுத்தேன்.

வீடு வீடாகப் போனோம். "அது நான் சொன்ன தண்ணி இல்ல. அடிக்காதீங்க, குடுத்துருங்க. அடிச்சிருந்தா காயைத் தொடாதீங்க." சிலர் கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் பாட்டிலைக் காலடியில் எறிந்து உடைத்தார்கள். சில்லு தெறித்து அவள் கணுக்காலில் ரத்தம் கசிந்தது. உளுந்துக்காரர் மட்டும் வாசலுக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டேம்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மேட்டுத் தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் அடித்திருக்கிறார்கள், இலையெல்லாம் ஈரம். பெண்கள் முழங்கைவரை நனைந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வரப்பில் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டில்காரர் அடிபட்ட அன்றைக்கு, வாயில் ரத்தம் வருது என்று சொன்னவள் அவள்தான்.

"கையை எடுங்க! எல்லாரும் கையை எடுங்க! செடியைத் தொடாதீங்க, விஷம்!"

தோட்டத்துக்காரர் ஓடி வந்தார்.

"நீ எதுக்குடி இங்க வந்தே? என்ன கூப்பாடு?"

"முதலாளி, மிச்சப் பாட்டிலைக் குடுத்துருங்க. அது புகையிலைத் தண்ணி."

"புகையிலையோ பொடலங்காயோ! பேன் செத்துச்சு. எனக்கு அது போதும். இன்னும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லு உன் புருஷனை."

"இந்தப் பொண்ணு வாந்தி எடுக்கிறது தெரியலையா?"

"வெயிலு. அவளுக்கு எப்பவும் அப்படித்தான்."

அவள் அவரைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். மூலையில் பெட்டி இருந்தது. களைக்கொத்தை எடுத்து ஒவ்வொரு பாட்டிலாக உடைத்தாள். தோட்டத்துக்காரர் பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்து அவளைத் தூணில் மோதினார். நான் கையில் கிடைத்த பம்புக் குழாயால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். வாழ்நாளில் நான் ஒருவரை அடித்தது அது ஒன்றுதான். அவர் கையை உதறிக்கொண்டு அலறியபோது பறிப்புப் பெண்கள் கூடையை வைத்துவிட்டுக் கொட்டகை வாசலில் வந்து நின்றிருந்தார்கள். அத்தனை பேரைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிற்று.

வாந்தி எடுத்தவள் முன்னால் வந்தாள். நடை தள்ளாடியது. கசப்பக்காவின் எதிரில் நின்று கேட்டாள்:

"நீதானே வித்தே?"

"நான்தான்."

"குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே?"

"சொன்னேன்."

பளாரென்று ஓர் அறை. கசப்பக்கா கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணு வேணும்னாலும் அப்புறம் அடி. முதல்ல கையைக் கழுவு. சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு, வேற மாத்தணும்."

நான் அடிகுழாயை அடிக்க, அவள் தன் வெடித்த கைகளால் சோப்பைத் தேய்த்து ஒவ்வொருத்தியின் கையையும் முழங்கைவரை கழுவிவிட்டாள்.  மோசமாக இருந்தவளை என் வண்டியில் நடுவே உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அவளும் பிழைத்தாள்.

வார்டில் போலீஸ்காரர் பாட்டில்காரரின் கட்டிலருகே காகிதத்தோடு நின்றிருந்தார். யார் அடித்தது என்ற கேள்விக்குப் பாட்டில்காரர் இல்லை, இல்லை என்று கையை ஆட்டி, கால் தடுக்கி விழுந்ததாகச் சைகை காட்டினார்.

"விழலைங்க" என்றாள் அவள். "அடிச்சது என் தம்பி. கலந்தது என் புருஷன். நாக்குல வெச்சு வித்தது நான். மூணையும் எழுதிக்கோங்க."

"தம்பி உள்ளே போயிருவான்மா."

"போகட்டும். அவன் அடிச்சு முடிக்கிறவரைக்கும் நான் சாகாம காத்துக்கிட்டிருக்கணுமா?"

போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வீங்கிக் கறுத்து, கண் மட்டும் தெரிகிற அந்த முகத்தைத் துணி நனைத்துத் துடைத்தாள். காதோரம் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கம்பி கட்டிய பல்லுக்குள்ளிருந்து எதையோ சொல்ல முண்டினார். தொண்டையில் முனகல் மட்டும் எழுந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து அவள் துடைத்த இடத்தை மறுபடி நனைத்தது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பேசாதே. முதல்ல உன் தாடை ஒட்டட்டும். அப்புறம் நீ சொல்லு. நான் கேக்குறேனா இல்லையான்னு அப்ப பாக்கலாம்."